இரண்டடி அழகு

தர்மராஜ் கட்டடக்கலைக் கல்லூரியில் அழகு என்றால் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அழகு என்பது இரண்டடிக்கு இரண்டடி.

வெளியூர்களில் இதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை என்று கேள்வி. விருத்தாசலத்தில் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. தாளாளர் தர்மராஜ் தன் டைல்ஸ் கம்பெனிக்குப் பக்கத்திலேயே கல்லூரியைக் கட்டியபோது தரைக்குத் தன் சரக்கையே போட்டார். கம்பெனியில் ஓடியது ஒரே அளவு, இரண்டடிச் சதுரம். வகுப்பறைச் சுவரோரம் மிஞ்சிய இடத்துக்காகக் கொத்தனார் ஒரு முழு டைல்ஸை வெட்டப்போனார். பார்த்துக்கொண்டிருந்த தாளாளர் ஓடிப்போய்த் தடுத்தார்.

"நல்ல டைல்ஸ ஏன்யா வெட்டுற? சுவத்தத் தள்ளிக் கட்டு."

சுவர் தள்ளிக் கட்டப்பட்டது. பின்னால் முதல்வராக வந்த முனைவர் குருமூர்த்தி இந்தச் சம்பவத்தைக் கேள்விப்பட்டு ஒரு கோடை விடுமுறை முழுக்க அதையே யோசித்தார். ஜூன் மாதம் முதலாமாண்டுப் பாடத்தின் முதல் வரி இப்படி இருந்தது: 'வெட்டு விழாத இடமே அழகு. அலகுக்குள் அடங்குவது மாடுலர் வடிவமைப்பு. அடங்காதது பிழை.'

அதிலிருந்து அந்த வளாகத்தில் எல்லாமே இரண்டடியின் மடங்கு. கதவு ஒன்று இரண்டடி, இல்லையென்றால் நாலடி. நாலடி தாளாளர் அறைக்கு மட்டும். முதல்வர் பருத்த உடம்புக்காரர். தன் அறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைவார். விடுதிக் கட்டில் இரண்டடி அகலம். புரண்டு படுக்கும் பழக்கமுள்ள பையன்கள் துண்டால் இடுப்பைக் கட்டிலோடு கட்டிக்கொண்டு தூங்கினார்கள். மெஸ்ஸில் தோசை ஏன் வட்டமாக இருக்கிறது என்று கான்டிராக்டரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் மறுநாளிலிருந்து இட்லி மட்டும் போட்டார். இட்லியும் வட்டம்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நந்தகுமார் அங்கே ஐந்தாம் ஆண்டு மாணவன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். நான்காம் ஆண்டு படிக்கும்போது மாமா மகள் வேல்விழியைக் கட்டிவைத்தார்கள். வீடு கட்டத் தெரிந்துகொள்ள எதற்கு அஞ்சு வருஷம் என்று அவள் கேட்பாள். அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். ஐப்பசி மழையில் ஒருநாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆம்புலன்சில் திரும்பி வந்தாள்.

காரியம் முடிந்து அவன் கல்லூரிக்குப் போனபோது முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"ரொம்ப வருத்தம் நந்தகுமார். டெத்துக்கு லீவு இருக்கு. ஆனா ரத்த சம்பந்தம்னாதான். மனைவி ரத்த சம்பந்தத்துல வரமாட்டாங்களே."

"மாமா பொண்ணு சார்."

முதல்வர் முகம் தெளிந்தது. "அப்ப பிரச்சனை இல்ல. ரத்தம் இருக்கு. லெட்டர்ல மனைவின்னு போடாதீங்க, மாமா மகள்னு போடுங்க."

அப்படியே எழுதிக் கொடுத்தான். மனைவி இறந்ததற்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா மகள் இறந்ததற்குக் கிடைத்தது.

அவன் மனதில் வேறொன்று கிடந்தது. மணிமுத்தாற்றங்கரையில் இருந்த பழைய எரிமேடை, தகரக் கொட்டகையின் பின்சுவரை ஒட்டினாற்போல இருந்தது. அன்று நல்ல மழை. கொட்டகைக்கு வெளியே முழங்கால் சேறு. மேடைமேல் வேல்விழி. அவன் தோளில் தண்ணீர்க் குடம். குடத்தோடு உடலை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருபவர் அரிவாள் நுனியால் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார். தண்ணீர் உடலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே வரும். அவன் கால்மாட்டிலிருந்து கிளம்பினான். தலைமாட்டுக்குப் போனதும் சுவர். திரும்பி வந்தான். மறுபடி போனான். சுவர். திரும்பினான். கூட்டத்தில் ஒரு பெரிய மனுஷி, "சுத்து முடியலியே" என்று முணுமுணுத்தாள். "மழையில என்னா பண்றது, வுடு" என்றார் யாரோ. கொள்ளி வைக்கச் சொன்னார்கள். வைத்தான்.

அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை. நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் எங்கோ பாதியில் நிறுத்திவிட்டு வந்தது போல் இருக்கும்.

அந்த மழையிலேயே பழைய கொட்டகை சாய்ந்தது. புதிதாக ஒன்று கட்டித் தருவதாகத் தாளாளர் அறிவித்தார். கம்பெனியில் விற்காமல் நின்ற வெள்ளை டைல்ஸ் நிறைய இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவரில் ஒருவர் அதைத் தன் இறுதித் திட்டமாக வடிவமைக்கலாம், அதையே கட்டுவார்கள் என்று அறிவிப்பு வந்தது. மற்றவர்கள் விமான நிலையம், அருங்காட்சியகம், ஐ.டி. பூங்கா என்று போனார்கள். சுடுகாட்டுக்கு நந்தகுமார் ஒருவன்தான் கை தூக்கினான்.

வரைவதற்கு முன் அவன் செய்த முதல் வேலை, மாமா கொளஞ்சி வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலை நடுவே போட்டது. கொளஞ்சி பீங்கான் பொம்மை கம்பெனியில் சூளைக்குத் தீ போடுகிறவர். வேல்விழியின் அப்பா. அவரிடம் ஒரு குடத்தைக் கொடுத்து, கட்டிலைச் சுற்றி நடக்கச் சொன்னான்.

"என்னா மாப்ள, ஒத்திகையா? கட்டில்ல ஆரு படுக்கறது, நீயா நானா?"

"யாரும் படுக்க வேணாம் மாமா. நடங்க."

"நடக்குறன். ஆனா கூலி உண்டு. டீ வாங்கித் தரணும்."

அவர் குடத்தைத் தோளில் வைத்து நடந்தார். பின்னால் ஓட்டை போடுகிறவராக நந்தகுமார் நடந்தான். எங்கே முழங்கை இடிக்கிறது, திரும்பும்போது குடம் எவ்வளவு வெளியே போகிறது என்று சாக்பீஸால் தரையில் குறித்தான். மூன்றடி இருந்தால் போதும். இரண்டாவது சுற்றில் கொளஞ்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வெறும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு டீ கேட்கவில்லை.

ஜூரி என்பது கல்லூரியின் மூல வழிபாடு. மாணவன் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு ஓரமாக நிற்பான். ஆசிரியர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். மாணவன் தலையாட்டுவான். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

முதல் ஜூரியில் முதல்வர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். நடுவில் மேடை. நான்கு பக்கமும் நடைவழி. மேலே கூரை. அவ்வளவுதான்.

"மேடை ஆறடிக்கு ரெண்டடி. மூணு டைல்ஸ். பிரமாதம்" என்றார். "பாத்தீங்களா, செத்த உடம்பு தானாவே அலகுக்குள்ள அடங்கிடுது. சாவுல மனுஷன் மாடுலர் ஆயிடறான். சரி, இந்த நடைவழி என்ன மூணடி?"

"குடத்தோட சுத்தறதுக்கு சார்."

"மூணடின்னா ஒண்ணரை டைல்ஸ். அந்த அரை எங்கேருந்து வருது?"

"ஆளோட தோள்லேருந்து சார். அளந்து பாத்தேன்."

"அப்ப பிரச்சனை உயிரோட இருக்கறவங்ககிட்டதான்" என்று முதல்வர் மற்ற ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் தலையாட்டினார்கள். "நாலடி ஆக்குங்க."

"இடம் பத்தல சார். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ரோடு."

"அப்ப ரெண்டடி ஆக்குங்க."

"ரெண்டடியில குடத்தோட நடக்க முடியாது சார்."

"முடியாதுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? அதுக்குன்னு ஆராய்ச்சி முறை இருக்கு. பயனர் ஆய்வு நடத்துவோம்."

பயனர் ஆய்வு கருத்தரங்குக் கூடத்தில் நடந்தது. நடுவில் மேசை. இரண்டடி தள்ளி நான்கு பக்கமும் பெஞ்சுகளை நிமிர்த்திச் சுவராக்கினார்கள். மேசைமேல் பிணமாகப் படுக்க இனியவன் என்ற மாணவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுக்கு இன்டர்னல் மார்க் குறைவு. ஆய்வு யதார்த்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக மாலையும் போட்டார்கள்.

"டேய் நந்தா" என்று பிணம் கிசுகிசுத்தது. "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னேபுடும்டா."

"கண்ணை மூடுடா."

"பல்லி ஒண்ணு மேல நிக்குதுடா. நேரா என் மூஞ்சிக்கு மேல."

குடம் சுமக்க மாணவர்களைக் கூப்பிட்டார்கள். தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போது எவனும் தோளில் குடம் ஏற்ற மாட்டேன் என்றான். முதல்வர் எழுந்தார். தலைமைப் பண்பு என்பது இத்தகைய தருணங்களில்தான் வெளிப்படும் என்று ஒரு சிறு உரை நிகழ்த்திவிட்டுக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நீள வாக்கில் பக்கவாட்டில் நகர்ந்து எப்படியோ போய்விட்டார். மூலையில் திரும்பும்போது வயிறு பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. குடம் நழுவி இனியவனின் நெஞ்சில் விழுந்தது. பிணம் அலறிக்கொண்டு எழுந்து மாலையோடு வெளியே ஓடியது. முதல்வரை வெளியே எடுக்கப் பெஞ்சைச் சாய்க்க வேண்டியிருந்தது.

ஆய்வின் முடிவு மறுநாள் வாசிக்கப்பட்டது. 'பயனரின் உடல் அலகை மீறுகிறது. அலகில் குறையில்லை. பயனர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்.'

அடுத்த ஜூரிக்குச் சென்னையிலிருந்து சண்முகப்ரியா என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்தார்கள். கைத்தறிப் புடவை, வெள்ளிக் காப்பு. வரைபடத்தின் முன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வரைபடத்தைக் கண்ணை மூடிப் பார்ப்பவரை அந்தக் கல்லூரி அதுவரை கண்டதில்லை. ஆசிரியர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள்.

"உங்க வைஃப் பத்தி சொன்னாங்க. ஸாரி" என்றார் கண்ணைத் திறந்து. "அந்த வலி டிராயிங்ல தெரியுது. ஆனா பத்தல. இன்னும் தெரியணும்."

நந்தகுமார் தலையாட்டினான்.

"இந்த நடைவழி எல்லாத்தையும் கெடுக்குது. வந்தவங்க சுத்திட்டாங்கன்னா விஷயம் முடிஞ்சிடும். திருப்தியாயிடுவாங்க. அதுல என்ன கவிதை இருக்கு? மேடையைச் சுவரோட ஒட்டிடுங்க. சுத்தவே முடியாதபோதுதான் சுத்தணும்னு ஒரு ஏக்கம் வரும். அந்த ஏக்கம்தான் ஆர்க்கிடெக்சர்."

"ஏக்கம் ஏற்கெனவே இருக்குதுங்க மேடம்" என்றான் நந்தகுமார். "பழைய கொட்டகையிலயும் சுவரோட ஒட்டித்தான் இருந்தது."

"பாருங்க! மரபோட தொடர்ச்சி!" என்று சண்முகப்ரியா முதல்வரிடம் திரும்பினார். முதல்வர் குறித்துக்கொண்டார்.

"ரொம்ப ஆழமா சொல்லிட்டாங்க" என்றார் முதல்வர். "இன்னொன்னும் இருக்கு. நடைவழிய எடுத்துட்டா எங்கயும் அரை டைல்ஸ் வராது. ஒரு வெட்டு இல்ல. கவிதையும் மாடுலரும் ஒரே புள்ளியில வந்து சேருது. இதுக்கு மேல ஒரு பிளான்ல என்ன வேணும்?"

"சுத்தறதுக்கு வழி வேணும் சார்."

ஒரு குழந்தை சபையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நடைவழியை எடுத்தால் தேர்ச்சி, இல்லையென்றால் அடுத்த வருஷம் மறுபடி வரலாம் என்று முதல்வர் கனிவாகச் சொன்னார்.

சாயங்காலம் கொளஞ்சியிடம் சொன்னான். அவர் சூளைச் சூட்டில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவன் எவன் பொண்டாட்டியோ சாவப் போறா. அவன் பொண்டாட்டிய அவன் சுத்துனா என்னா, சுத்தாட்டி என்னா? நீ பாஸ் பண்ணு மாப்ள."

"உங்க பொண்ண நான் சுத்தல மாமா."

"தெரியும்."

"அதான்."

"அவ கேட்டாளா உன்னை? செத்தவ கேக்க மாட்டா. வேலைய பாரு" என்றார். பிறகு, "சாப்புட்டியா?" என்று கேட்டார்.

நந்தகுமார் அன்று நடைவழியை அழித்தான். கம்ப்யூட்டரில் அழிப்பதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும்.

எரிமேடை பங்குனியில் கட்டி முடிந்தது. தரை, மேடை, சுவர், எல்லாம் வெள்ளை டைல்ஸ். ஓரிடத்தில்கூட வெட்டு இல்லை. வெயிலில் பார்க்கக் கண் கூசியது. மேடை பின்சுவரோடு ஒட்டியிருந்தது. முன்னால் நிற்க நாலடி இடம். அதைத் தாண்டினால் ஆற்று மணல்.

திறப்பு விழாவில் ஒரு சிக்கல் வந்தது. ரிப்பன் கட்டியாயிற்று, பந்தல் போட்டாயிற்று, ஆனால் சுடுகாட்டை யார் திறந்து வைப்பது? அழைக்கப்பட்ட பிரமுகர்கள் எல்லோருக்கும் அன்று வெளியூரில் வேலை இருந்தது. தாளாளர் கத்தரியைக் கையில் வாங்கி, ஏதோ சுட்டது போல் முதல்வரிடம் கொடுத்தார். முதல்வர் உதவிப் பேராசிரியரிடம் கொடுத்தார். கத்தரி நாற்காலி வரிசை முழுக்கப் போய், கடைசியில் நின்றுகொண்டிருந்த நந்தகுமாரிடம் வந்து சேர்ந்தது.

"நீயே வெட்டுப்பா" என்றார் தாளாளர். "உனக்கு வர வேண்டியது வந்துடுச்சி. இனிமே என்னா வரப்போவுது?"

வெட்டினான். கைதட்டினார்கள்.

தாளாளர் பேசினார். "இந்த ஊரு மக்களுக்கு நம்ம கல்லூரி கொடுக்கற பரிசு இது. நான் பெருசா எதுவும் எதிர்பார்க்கல. நீங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதப் பயன்படுத்தணும். குடும்பத்தோட வரணும்."

கைதட்டல் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

முதலில் வந்தது அவர் குடும்பமே. சித்திரை பிறந்த வாரம் தாளாளரின் தாயார் ராஜம்மாள் இறந்துபோனாள். வயதான சாவு. மேளதாளம், வெடி, கார்கள். கல்லூரிக்கு லீவு விட்டார்கள்; இந்தத் தடவை ரத்த சம்பந்தம் பற்றிக் கேள்வி எழவில்லை. பாடையை நாலு பேர் தோளில் சுமந்து எரிமேடைக்கு வந்தார்கள். முண்டாசு கட்டிய தாளாளர் தோளில் குடம் ஏற்றப்பட்டது.

"சுத்துங்க" என்றார் பின்னால் அரிவாளோடு நின்றவர்.

தாளாளர் மேடையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார்.

"எப்புடிய்யா சுத்துறது?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஓர் உறவினர், "பாடைய மணல்ல எறக்கி வச்சிட்டு சுத்துனா ஆவாதா? அதுக்கப்புறம் தூக்கி மேடையில வைங்க" என்றார். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. சுமந்தவர்கள் இறக்கப்போனார்கள்.

"வேண்டாம் சார்" என்று முதல்வர் பதறி ஓடிவந்து தாளாளரின் காதருகே குனிந்தார். "மணல்ல வச்சா கட்டடம் தோத்துப்போச்சுன்னு ஆயிடும். அத்தனை பெரிய மனுஷங்க பாத்துட்டு இருக்காங்க."

தாளாளர் சுற்றிலும் பார்த்தார். பெரிய மனுஷர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அப்ப என்னாதான் பண்ணச் சொல்ற?"

"மாடுலர்னா என்ன சார்? நகர்த்தக்கூடியது. பயனர் நிலையா நிப்பார். பொருள் நகரும். நீங்க நில்லுங்க. அம்மாவைச் சுத்தச் சொல்லலாம்."

அப்படியே நடந்தது. தாளாளர் குடத்தோடு நாலடி இடத்தின் நடுவில் நின்றார். அவர் அம்மாவைச் சுமந்த நால்வரும் பாடையோடு மணலில் இறங்கி, ஏறி, வளைந்து, அவரைச் சுற்றி வந்தார்கள். சுவரோரம் வரும்போது பாடையைத் தலைக்கு மேல் தூக்கிச் சரித்தார்கள். ராஜம்மாளின் தலை ஒரு பக்கம் ஆடியது. "ஏய், தூக்கிப் புடிங்கடா, ஆத்தா வழுக்குது" என்று பெண்கள் கத்தினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் தாளாளரின் காலடியிலேயே கொட்டியது. வெள்ளை டைல்ஸில் அது எங்கும் போகாமல் அப்படியே நின்றது.

இரங்கல் கூட்டத்தில் முதல்வர் கண் கலங்கப் பேசினார். "காலம் காலமா மனிதன் மரணத்தைச் சுத்தி வந்தான். இன்னிக்கு முதல் தடவையா, நம்ம கட்டடத்துல, மரணம் மனிதனைச் சுத்தி வந்தது. இது உலகக் கட்டடக்கலையில நாம சேர்த்த பங்கு."

காரியம் முடிந்த பிறகு தாளாளர் நந்தகுமாரைத் தன் நாலடிக் கதவு அறைக்குக் கூப்பிட்டார். மொட்டைத் தலை. கொஞ்சம் இளைத்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்ப்பா, நீ வரஞ்சவன். உனக்குத் தெரியும். நான் எங்கம்மாவச் சுத்துனனா, எங்கம்மா என்னையச் சுத்துச்சா?"

நந்தகுமார் யோசித்தான்.

"கட்டடம் தோக்கல சார்" என்றான்.

தாளாளர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வழி ஒண்ணு வச்சிருந்தியாமே மொதல்ல?" என்றார்.

"இருந்துதுங்க."

"இப்ப வெக்கலாமா?"

"வெக்கலாம் சார். பின்சுவரை இடிச்சிட்டு, மேடையை முன்னால இழுத்துக் கட்டணும். மூணடி."

தாளாளரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போனது. "மூணடின்னா... டைல்ஸ வெட்டணும் இல்ல?"

"ஆமாங்க."

அவர் ஜன்னல் வழியாகக் கம்பெனியின் புகைபோக்கியைப் பார்த்தார். "சரி, போயிட்டு வா" என்றார்.

அதன்பின் ஊர் மக்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிணத்தைக் கொண்டுவருவார்கள். எரிமேடையைத் தாண்டி மணலுக்குப் போவார்கள். மணலிலேயே விறகடுக்கி, உடலைக் கிடத்தி, தாராளமாகச் சுற்றி, கொள்ளி வைப்பார்கள். எரிமேடை நிழலில் வெற்றிலை போடுகிறவர்கள் உட்காருவார்கள். அதன்மேல் ஒரு துளிச் சாம்பல் விழுந்ததில்லை.

முதல்வர் இதை வேறு விதமாகப் பார்த்தார். கட்டி இத்தனை மாதமாகியும் புதிது போலவே இருக்கும் பொதுக் கட்டடம் இந்தியாவில் எத்தனை உண்டு? சிறந்த பராமரிப்புக்கான தேசிய விருது ஒன்றுக்கு விண்ணப்பிக்க முடிவானது. விருதுக்குப் படங்கள் வேண்டும். நந்தகுமாரின் கடைசி மதிப்பெண்ணும் அந்தப் படங்களோடு சேர்த்துத்தான் போடப்படும் என்று முதல்வர் சொன்னார். கட்டி முடித்த கட்டடத்தின் ஆவணம் என்பது பாடத்திட்டத்தில் இருந்தது.

ஆவணியில் ஒரு காலை, சென்னையிலிருந்து வந்த புகைப்படக்காரரோடு முதல்வரும் நந்தகுமாரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது. வெள்ளைச் சுவர் பளிச்சென்றது. புகைப்படக்காரர் கேமராவை முக்காலியில் வைத்துக் குனிந்தார்.

"ஃப்ரேமுக்குள்ள ஆளுங்க வராங்க சார்."

மணலில் ஒரு சவ ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. சிறிய ஊர்வலம். மேளம் இல்லை. பாடை தூக்கியவர்களைத் தவிர ஏழெட்டுப் பேர். நேரே எரிமேடையின் முன்னால், கேமராவின் கண்ணுக்குள், விறகை அடுக்க ஆரம்பித்தார்கள்.

"ஆள் இருந்தா அழகு தெரியாது" என்றார் முதல்வர். "நந்தகுமார், போய் கொஞ்சம் தள்ளி வச்சிக்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம்தான்னு சொல்லுங்க. மரியாதையா சொல்லுங்க."

நந்தகுமார் போனான்.

இறந்திருந்தது ஒரு கிழவி. புருஷன் பழமலை, எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் தோளில் குடத்தை ஏற்றியிருந்தார்கள். பிள்ளை கிடையாதாம். கிழவருக்குக் கால் நிற்கவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தார், மணல் உள்வாங்கியது, குடம் சரிந்தது. பின்னால் அரிவாளோடு நின்றவர் ஒரு கையால் குடத்தைத் தாங்கினார்.

நந்தகுமார் வாயைத் திறந்தான். "பெரியவரே, அஞ்சு நிமிஷம்..."

"நீ ஆருப்பா? ஆரா இருந்தா என்னா" என்றாள் ஓர் அம்மாள். "சும்மா நிக்கிறியே, கெழவனப் புடி. கையப் புடி. வுழுந்துடப் போவுது."

அவன் பிடித்தான். கிழவரின் முழங்கை குச்சி போல் இருந்தது. காய்ந்து சூடாக இருந்தது.

"புடிச்சிக்கோ ராசா" என்றார் பழமலை. "மூணு சுத்துதான். வுட்டுடாத."

கால்மாட்டிலிருந்து கிளம்பினார்கள். கிழவர் நிதானமாக நடந்தார். தலைமாடு வந்தது. அங்கே ஒன்றும் இல்லை, மணல்தான். திரும்பினார்கள். அந்தப் பக்கம் வழியாக வந்தார்கள். மறுபடி கால்மாடு. அரிவாள் நுனி பட்டது. தண்ணீர் மெல்லிய கோடாக மணலில் விழுந்து, விழுந்த இடத்திலேயே இறங்கியது.

"நந்தகுமார்!" முதல்வரின் குரல். "ஃப்ரேமுக்குள்ள நிக்கிறீங்க! வெளிய வாங்க!"

இரண்டாவது சுற்று. இரண்டாவது ஓட்டை. கிழவர் ஏதோ முனகிக்கொண்டே வந்தார். பெண்டாட்டியோடு சண்டை போடுகிறார் என்று தோன்றியது. "சொன்னா கேட்டாதான..." என்று ஒருமுறை தெளிவாகக் கேட்டது.

"நந்தகுமார், லைட் போயிட்டு இருக்கு! இன்னிக்கு விட்டா மார்க் போட முடியாது, சொல்லிட்டேன்!"

மூன்றாவது சுற்று. நந்தகுமாரின் நடை கிழவரின் நடையோடு சேர்ந்துகொண்டது. தலைமாட்டில் திரும்பும்போது அவனுக்குக் கண்ணீர் வந்தது. மாதக்கணக்கில் வராமல் இருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. ஒரு கையில் கிழவர் இருந்தார், இன்னொரு கை குடத்தில் இருந்தது. முகம் நனைந்து கழுத்து வரை ஓடியது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவுக்கு வந்தவன் அழுகிறான், அவ்வளவுதான்.

கொள்ளி வைத்தாயிற்று. குடத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டார் பழமலை. அது மணலில் பொத்தென்று விழுந்து உடைந்தது.

"அப்புடியே நடங்க" என்றார் அரிவாள்காரர். "ரெண்டு பேரும். திரும்பிப் பாக்காத போங்க."

பழமலை நடந்தார். அவரைப் பிடித்தபடி நந்தகுமாரும் நடந்தான்.

"நந்தகுமார்! எங்க போறீங்க? திரும்பி வாங்க! அஞ்சு வருஷப் படிப்பு, நந்தகுமார்! நந்தகுமார்!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.